வானத்துக் கண்ணும் தோட்டத்து மனிதரும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கிரியான் வயல்வெளியில் காலை நேரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், பருந்து ஒன்று வட்டமிடுவதைக் காணலாம். அவ்வளவு உயரத்தில் பறந்தாலும் வரப்பில் ஓடும் எலி அதன் கண்ணுக்குத் தப்பாது. மனிதனும் அந்தக் கண்ணுக்கு ஆசைப்பட்டான். விமானத்தில் கேமராவைப் பொருத்தி மேலே ஏறினான். காடு தெரிந்தது, ஆறு தெரிந்தது, பாலம் தெரிந்தது. மரத்தடியில் நின்ற மனிதன் தெரிந்தானா? இன்றைய உரை இந்தக் கேள்வியைப் பற்றியது.

மலாயாவின் வானத்தில் 20 ஆண்டுகளுக்கும் மேலாகப் பறந்த ஒரு படைப்பிரிவு உண்டு. அதன் பெயர் பிரிட்டிஷ் அரச ஆகாயப்படையின் 81ஆவது ஸ்குவாட்ரன். அந்த ஆண்டுகளில் அதன் வேலை குண்டு போடுவது அன்று, படம் பிடிப்பது. போர் வரலாற்று நூல்களில் அதற்குச் சில பக்கங்கள்தான். ஆனால் அது பிடித்த படங்களுக்குக் கீழே நம் தாத்தா பாட்டிகளின் வாழ்க்கை இருந்தது.

முதலில் வந்த கண்

மலாயாவை மேலிருந்து வேவு பார்த்தவர்கள் வெள்ளைக்காரர்கள் மட்டும் அல்லர். 1941 அக்டோபரில், போர் தொடங்குவதற்கு ஏறக்குறைய ஒன்றரை மாதம் முன்பு, ஜப்பானிய இராணுவத்தின் வேவு விமானம் ஒன்று சைகோன் பக்கமிருந்து மலாயாவுக்குள் நுழைந்தது. அதில் இருந்தவர் படையெடுப்புத் திட்டத்தை வகுத்த அதிகாரி சுஜி மசனோபு. கோத்தா பாரு, அலோர் ஸ்டார், சுங்கை பட்டாணி, தைப்பிங் ஆகிய இடங்களின் விமானத் தளங்களைக் கண்ணால் பார்த்துத் திரும்பியதாக அவரே போருக்குப் பின் எழுதிய நூலில் குறிப்பிட்டிருக்கிறார்.

சுங்கை பட்டாணிக்கும் தைப்பிங்கிற்கும் நடுவில் இருப்பதுதான் கிரியான் சமவெளி. 1906இல் கட்டி முடிக்கப்பட்ட நீர்ப்பாசனத் திட்டத்தால் புக்கிட் மேரா நீர்த்தேக்கத்தின் தண்ணீர் பாயும் மண் இது. அதே 1941 டிசம்பர் மூன்றாம் வாரத்தில், ஜித்ராவில் தோற்றுப் பின்வாங்கிய 11ஆவது இந்தியப் படைப்பிரிவு இந்தக் கிரியான் ஆற்றங்கரைக்குத்தான் வந்து சேர்ந்தது. ஆறும் அதை ஒட்டிய சதுப்பு நிலமும் டாங்கிகளைத் தடுக்கும் என்று கணக்குப் போட்டார்கள். ஜப்பானியர்களோ கிரிக் சாலை வழியாகக் கோலகங்சாரை நோக்கிச் சுற்றி வந்தார்கள். கிரியான் கரையை விட்டுவிட்டுப் படை மேலும் தெற்கே நகர்ந்தது. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் விழுந்தது.

மேலிருந்து பார்த்தவனுக்கு நாடே கைவசமானது. கீழே இருந்த தோட்டத் தொழிலாளிக்கோ துரை ஓடிப்போனார், சம்பளம் நின்றது, அரிசி மறைந்தது, மரவள்ளிக்கிழங்கு மிஞ்சியது.

கல்கத்தாவில் பிறந்த படை

இனி 81ஆவது ஸ்குவாட்ரனின் முன்கதையைப் பார்ப்போம். அதன் வேர் இந்தியாவில் இருக்கிறது. 1943 செப்டம்பரில் கல்கத்தாவின் டம்டம் விமானத் தளத்தில் 684ஆவது ஸ்குவாட்ரன் தொடங்கப்பட்டது. பர்மா, சயாம், மலாயா ஆகிய எதிரி வசமிருந்த நாடுகளை நெடுந்தூரம் பறந்து சென்று படம் பிடிப்பது அதன் பொறுப்பு.

அதன் முக்கிய விமானம் மொஸ்கிட்டோ. பெயருக்கு ஏற்றபடி கொசுவைப் போலப் பறந்து தப்பிவிடும். இரண்டு எஞ்சின்கள், இரண்டு பேர், கேமராக்கள், நிறைய பெட்ரோல். படம் பிடிக்கும் மொஸ்கிட்டோவில் துப்பாக்கி கிடையாது. வேகமும் உயரமும்தான் அதற்குக் கவசம். இன்னொரு வியப்பு, அதன் உடல் மரத்தால் ஆனது. ஒட்டுப்பலகையும் பால்சா மரமும் பசையால் ஒட்டப்பட்டவை. இங்கிலாந்தின் குளிரில் நன்றாக இருந்த அந்த ஒட்டு, இந்தியாவின் வெயிலிலும் ஈரத்திலும் சிக்கல் தந்தது. 1944 நவம்பரில் இந்தியாவில் இருந்த மொஸ்கிட்டோக்களைச் சோதித்துப் பார்க்கும்வரை பறக்கவிடாமல் நிறுத்தி வைத்தார்கள்.

இந்த 684ஆவது ஸ்குவாட்ரன் படம் பிடித்த இடங்களில் ஒன்று, நம் சமூகம் என்றும் மறக்க முடியாத சயாம் மரண இரயில் பாதை. 415 கிலோமீட்டர் நீளப் பாதை அது. 1943 அக்டோபரில் இரு முனையும் இணைந்தன. அதைப் போட்டவர்களில் நேச நாட்டுப் போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர். அவர்களில் 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர்களோ அதைவிடப் பல மடங்கு. மலாயாத் தோட்டங்களில் இருந்து லாரியிலும் இரயிலிலும் ஏற்றிக்கொண்டு போகப்பட்ட தமிழர்கள் அவர்களில் பெருந்தொகையினர். ஆசியத் தொழிலாளர்களில் ஏறத்தாழ 90,000 பேர் மடிந்திருக்கலாம் என்று வரலாற்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள்.

விமானத்தின் கேமராவுக்குப் பாலம் தெரிந்தது, தண்டவாளம் தெரிந்தது, நிற்கும் இரயில் பெட்டிகளை எண்ணவும் முடிந்தது. அந்தப் படங்களைப் பார்த்து இலக்கு குறித்தார்கள். குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பின. பாதைக்குப் பக்கத்திலேயே கைதிகளின் கூடாரங்கள் இருந்தன. 1944 செப்டம்பரில் நோங் பிளாடுக் இரயில் நிலையத்தின் மீது நடந்த குண்டுவீச்சில், மீட்கப்பட வேண்டிய கைதிகளே பலியானார்கள். கூரையைப் படம் காட்டியது. கூரைக்குள் படுத்திருந்தவன் நண்பனா பகைவனா என்று அதனால் சொல்ல முடியவில்லை.

போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. தமிழ்த் தொழிலாளிக்கு அப்படி வரிசை வரிசையாகப் பெயர் எழுதி வைத்த கல் கிடையாது. படத்திலும் அவன் இல்லை, கல்லிலும் அவன் இல்லை.

மோரிப் கடற்கரை சொன்ன பாடம்

1945இல் மலாயாவை மீட்கப் பெரும் படையெடுப்பு ஒன்றைத் திட்டமிட்டார்கள். மோரிப், போர்ட்டிக்சன் கடற்கரைகளில் இறங்குவது என்று முடிவாயிற்று. படம் பிடிக்க மொஸ்கிட்டோக்கள் இந்தியப் பெருங்கடலில் உள்ள கொக்கோஸ் தீவு வரை அனுப்பப்பட்டன. அதற்குள் ஜப்பான் சரணடைந்துவிட்டது. இருந்தாலும் செப்டம்பர் 9ஆம் நாள் மோரிப்பில் படைகள் இறங்கின.

என்ன நடந்தது? மேலே மெல்லிய மணல், அடியில் சேறு. கரையேறிய வண்டிகள் சக்கரம் புதைந்து நின்றன. எதிரி சுடவில்லை என்பதால் பெரிய சேதம் இல்லை. சண்டை இருந்திருந்தால் அந்தக் கடற்கரை என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மணலின் நிறத்தை வானத்தில் இருந்து பார்க்கலாம். மணலின் ஆழத்தைக் காலை வைத்தவன்தான் அறிவான். மோரிப் மீனவர் ஒருவரிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

81 என்ற எண்

போர் முடிந்தது. 684ஆவது ஸ்குவாட்ரன் சைகோன், பாங்காக் என்று இடம் மாறி, கடைசியில் சிங்கப்பூர் செலேத்தார் தளத்துக்கு வந்தது. 1946 செப்டம்பர் 1ஆம் நாள் அதன் எண் 81 என்று மாற்றப்பட்டது. பழைய 81ஆவது ஸ்குவாட்ரன் வேறு வேலை செய்த படை. 1941இல் சோவியத் யூனியனுக்கு உதவ மூர்மான்ஸ்க் அருகே போய்ச் சண்டையிட்ட பிரிவு அது. அதனால்தான் அதன் சின்னத்தில் நட்சத்திரமும் வாளும் உண்டு. அந்தச் சின்னத்தின் கீழ் இலத்தீன் மொழியில் ஒரு வாசகம் இருக்கும். 'நமக்காக மட்டும் அன்று' என்பது அதன் பொருள். இந்த வாசகத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொடக்கத்தில் அதன் வேலை நில அளவைக்கான படங்கள் எடுப்பது. மலாயாவின் உட்காடுகள் பலவற்றுக்கு அன்று சரியான வரைபடமே இல்லை. வரைபடத்தில் வெள்ளையாக விடப்பட்டிருந்த இடங்களை நிரப்ப விமானப் படங்கள்தான் வழி.

பிறகு 1948 ஜூன் 16ஆம் நாள் வந்தது. இதே பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் அருகே எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 ஜூலை 31 வரை, 12 ஆண்டுகள் அது நீடித்தது. படம் பிடிக்கும் படைக்கு இப்போது புதிய வேலை. காட்டுக்குள் மறைந்திருக்கும் கம்யூனிஸ்டு கொரில்லாக்களைக் கண்டுபிடிக்க வேண்டும்.

படம் எப்படிப் பேசும்?

இங்கே கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். 6 அங்குல லென்ஸ் பொருத்திய கேமராவைக் கொண்டு 15,000 அடி உயரத்தில் இருந்து படம் எடுத்தால், தரையில் இருப்பது 30,000இல் ஒரு பங்காகச் சுருங்கும். 100 அடி நீளமுள்ள தோட்டத்து லயம் படத்தில் 1 மில்லிமீட்டர். அதே உயரத்தில் 36 அங்குல லென்ஸ் வைத்தால் அந்த லயம் 6 மில்லிமீட்டராகத் தெரியும். லயத்து வாசலில் நிற்கும் மனிதனோ அப்போதும் ஒரு தூசிதான்.

விமானம் நேர்கோட்டில் பறக்கும். கேமரா விட்டு விட்டு எடுக்கும். ஒரு படத்தில் உள்ளதில் பாதிக்கு மேல் அடுத்த படத்திலும் வரும்படி எடுப்பார்கள். அந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரு லென்ஸ் கொண்ட ஒரு கருவியின் வழியே பார்த்தால் மேடும் பள்ளமும் எழுந்து நிற்கும். படத்தில் குன்று குன்றாகவே தெரியும், மரம் மரமாகவே உயரும். இந்த வேலைக்கென்றே பயிற்சி பெற்றவர்கள் மணிக்கணக்கில் குனிந்து உட்கார்ந்து படங்களை வாசித்தார்கள்.

நம் நாட்டு வானிலையும் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. காலையிலேயே பறந்தாக வேண்டும். வெயில் ஏற ஏற மேகம் திரண்டுவிடும். மேகம் இல்லாவிட்டாலும் காடு கூரை போட்டு மூடியிருக்கும். சில மரங்கள் 200 அடி உயரம். அதன் அடியில் நூறு பேர் நடந்தாலும் கேமராவுக்குத் தெரியாது. கித்தாக்காடு மட்டும் சீப்பால் வாரியதுபோல் வரிசையாகத் தெரியும். அதற்குள் பால் வாளியோடு நடக்கும் அம்மாவைத் தெரியாது.

அப்படியானால் எதைத் தேடினார்கள்? காய்கறிப் பாத்திகளைத் தேடினார்கள். காட்டில் இருப்பவனும் சாப்பிட வேண்டுமே! அடர்ந்த காட்டின் நடுவே மரம் வெட்டிய ஒரு திறந்தவெளி தெரிந்தால், அங்கே கண் நிற்கும். பூர்வகுடி மக்களான ஓராங் அஸ்லியினரின் பயிர்நிலம் ஒழுங்கில்லாமல், விழுந்த மரங்களுக்கு இடையே இருக்கும். கொரில்லாக்களின் பாத்திகள் நேர்வரிசையாக இருக்கும். இதைக் கண்டுகொண்டு அடையாளம் சொன்னார்கள். சில காலத்தில் கொரில்லாக்களும் இதைப் புரிந்துகொண்டு பாத்தியைக் கலைத்துப் போட்டார்கள். பிறகு எது யாருடைய பயிர் என்று எப்படிச் சொல்வது? சந்தேகத்துக்கு உள்ளான பயிர்கள் மருந்து தெளித்து அழிக்கப்பட்டன. காட்டின் மேல் குண்டுகளும் விழுந்தன.

இன்னொரு படைப்பிரிவையும் இங்கே சொல்ல வேண்டும். அது 656ஆவது ஸ்குவாட்ரன். ஆஸ்டர் என்ற சிறிய விமானங்களில், தாழ்வாக, மெதுவாகப் பறந்தவர்கள். அவர்களுடைய கருவி பெரும்பாலும் கண்தான். ஒரே வட்டாரத்தின் மேல் நாள்தோறும் பறந்ததால், நேற்று இல்லாத புகை இன்று இருந்தால் அவர்களுக்குத் தெரிந்துவிடும். விலை உயர்ந்த கேமராவைவிட, ஊரைப் பழகிய கண் பல நேரங்களில் கூடுதலாகச் சொன்னது.

முள்கம்பிக்குள் வாழ்க்கை

வானத்தில் நடந்த தேடலின் மறுபாதி தரையில் நடந்தது. 1950இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின்படி, காட்டோரத்தில் வாழ்ந்த சுமார் 5 இலட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டார்கள். அதோடு நிற்கவில்லை. தோட்டங்களிலும் ஈயச் சுரங்கங்களிலும் வேலை செய்த இலட்சக்கணக்கான தொழிலாளர்கள், சிதறிக் கிடந்த லயங்களில் இருந்து ஓரிடத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி; வாசலில் காவல்; இரவில் ஊரடங்கு. அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. வேலைக்காட்டுக்குப் போகும்போது சோற்றுப் பொட்டலம் எடுத்துப் போகவும் பல இடங்களில் தடை. ஒரு பிடி அரிசி காட்டுக்குள் போய்விடக் கூடாது என்பது நோக்கம்.

விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, வேலி வாசலில் சோதனைக்கு நின்று, வெறும் வயிற்றோடு பால்மரம் சீவப் போனவர்கள் நம் பாட்டிமார்கள். காட்டில் இருந்து வந்தவன் அரிசி கேட்பான். கொடுத்தால் அரசாங்கம் தண்டிக்கும். கொடுக்காவிட்டால் அவன் தண்டிப்பான். இந்த இரண்டு பயத்துக்கும் நடுவில் பிள்ளை பெற்று வளர்த்தார்கள். அவர்கள் தலைக்கு மேலேதான் அந்த விமானங்கள் பறந்தன. அவர்களுடைய பயத்தைப் படம் பிடிக்கும் லென்ஸ் எந்த விமானத்திலும் இல்லை.

கடைசிப் பறப்புகள்

விமான வரலாற்றில் ஆர்வம் உள்ள இளைஞர்களுக்கு ஒரு செய்தி. உலகப் புகழ் பெற்ற ஸ்பிட்ஃபயர் விமானம், பிரிட்டிஷ் அரச ஆகாயப்படையின் போர்ப்பணியில் கடைசியாகப் பறந்தது ஐரோப்பாவில் அன்று, நம் பக்கத்தில்தான். 1954 ஏப்ரல் 1ஆம் நாள் 81ஆவது ஸ்குவாட்ரனின் ஸ்பிட்ஃபயர் ஒன்று செலேத்தாரில் இருந்து கிளம்பி, ஜொகூர்க் காட்டைப் படம் பிடித்துத் திரும்பியது. அதன் முகப்பில் 'கடைசி' என்ற பொருள்பட ஆங்கிலத்தில் எழுதி வைத்தார்கள். மொஸ்கிட்டோவின் கடைசிப் போர்ப்பணியும் இதே ஸ்குவாட்ரனில்தான், 1955 டிசம்பர் 15ஆம் நாள். அதன்பின் மீட்டியர், பெம்புரோக், கேன்பரா என்று விமானங்கள் மாறின. இந்தோனேசியாவோடு மோதல் நிலவிய 1963 முதல் 1966 வரையிலான காலத்தில் போர்னியோவின் மேல் பறந்தார்கள். 1970 ஜனவரி 16ஆம் நாள் தெங்கா தளத்தில் ஸ்குவாட்ரன் கலைக்கப்பட்டது.

பின்னாளில் மலேசிய அரச ஆகாயப்படையும் படம் பிடிப்பதற்கென்றே ஆர்.எஃப்-5இ வகை விமானங்கள் இரண்டை வாங்கிப் பட்டர்வொர்த்தில் வைத்திருந்தது. அவையும் ஓய்வு பெற்றுவிட்டன. இன்று அந்த வேலையைச் செயற்கைக்கோளும் டிரோனும் செய்கின்றன.

எஞ்சி நிற்பது என்ன?

விமானம் போயிற்று, படம் நிற்கிறது. விமானப் படங்களைக் கொண்டு வரையப்பட்ட வரைபடங்கள் சாலை போடவும் அணை கட்டவும் பயன்பட்டன. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உள்ள வான்படக் காப்பகத்தில், உலகின் பல பகுதிகளில் எடுக்கப்பட்ட கோடிக்கணக்கான பழைய படங்கள் பாதுகாக்கப்படுகின்றன. நம் நாட்டிலும் நில அளவை, வரைபடத் துறையிடம் பழைய வான்படங்கள் உண்டு. உரிய அனுமதியோடு ஆய்வாளர்கள் அவற்றை நாடலாம்.

இதனால் நமக்கு என்ன பயன் என்று கேட்கலாம். பயன் பெரிது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, அதைத் தடுக்கத்தான் 1960இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஆனாலும் எத்தனையோ தோட்டங்கள் கைமாறின. கித்தா போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய்க் குடியிருப்புகள் வந்தன. லயம் இடிக்கப்பட்டது. கோயில் நின்ற இடம், தமிழ்ப்பள்ளி நின்ற இடம், முன்னோரைப் புதைத்த இடுகாடு எல்லாம் கேள்விக்குறியாயின. 'இங்கே எங்கள் கோயில் 70 ஆண்டுகளாக இருந்தது' என்று ஒருவர் சொன்னால், 'ஆதாரம் எங்கே?' என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு ஒரு பழைய வான்படம் பதில் சொல்லக்கூடும். வேவு பார்க்க எடுத்த படம், உரிமை கேட்பவனுக்குச் சாட்சியாக மாறக்கூடும்.

ஆனால் படம் தானாகப் பேசாது. நாம் கண்ட பாடம் அதுதான். சயாமில் கூரையைக் காட்டியது, ஆளைக் காட்டவில்லை. மோரிப்பில் மணலைக் காட்டியது, சேற்றைக் காட்டவில்லை. காட்டில் பாத்தியைக் காட்டியது, யாருடைய பசிக்கு அது என்று காட்டவில்லை. படத்தில் உள்ள வெள்ளைப் புள்ளியைக் கோயில் என்று சொல்லவும், கறுப்புக் கோட்டைத் தண்ணீர்க் கால்வாய் என்று சொல்லவும், மூலையில் உள்ள திட்டை இடுகாடு என்று சொல்லவும் அங்கே வாழ்ந்த ஒருவர் வேண்டும்.

1950இல் 10 வயதாக இருந்த பிள்ளைக்கு இன்று 85 வயது தாண்டிவிட்டது. அந்தப் பாட்டி இன்னும் பாகான் செராயிலோ, நிபோங் திபாலிலோ, இந்த மண்டபத்துக்கு இரண்டு தெரு தள்ளியோ இருக்கிறார். அவருடைய நினைவு எந்தக் காப்பகத்திலும் இல்லை. பேரப்பிள்ளைகளே, பழைய வரைபடம் ஒன்றைத் தேடி எடுங்கள். அவர் முன்னால் விரித்து வைத்து, 'பாட்டி, ஆயாக் கொட்டகை எங்கே இருந்தது? மாரியம்மன் கோயில் எந்தப் பக்கம்? தாத்தாவை எங்கே புதைத்தார்கள்?' என்று கேளுங்கள். அவர் விரல் வைக்கும் இடத்தில் பெயரை எழுதுங்கள், தேதியையும் எழுதுங்கள். கைத்தொலைபேசியில் குரலைப் பதிவு செய்து வையுங்கள். வேலை ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். தள்ளிப்போட்டால் முடியாமலேயே போய்விடும்.

'நமக்காக மட்டும் அன்று' என்று சின்னத்தில் எழுதி வைத்தது அந்தப் படை. அதன் படங்கள் அன்று நம் மக்களுக்காக எடுக்கப்பட்டவை அல்ல. இன்று அவற்றை நமக்காகவும் ஆக்கிக்கொள்வது நம் கையில் இருக்கிறது. வானத்துக் கண் இடத்தைக் குறித்து வைத்தது. அந்த இடத்துக்குப் பெயர் சொல்ல வேண்டியவர்கள் தரையில் நடந்தவர்கள்.